கேட்கும் செவிக்குக் கட்டணம்

உழைப்பவன் ஊதியம் பெறவேண்டும் என்பதை மறுப்பார் இன்று எவருமிலர். மறுக்க விரும்புவோர்கூட வெளிப்படையாக மறுக்கத் துணிவதில்லை. ஆனால், உழைக்க இடந்தேடி வருபவன் அவ்விடத்தைக் கேட்பதற்காகவே முதலிற் பணங் கட்டவேண்டும் என்றொரு நியதி உலகின் பல தொழில்களில் ஓசையின்றி நிலைபெற்று வருகின்றது. கலைத்துறை இதற்கு விலக்கன்று. கனவு மிகுந்த துறையாதலால் இவ்வியாபாரம் செழிப்பதற்கு அதனினும் வளமான நிலம் வேறில்லை என்றே சொல்லவேண்டும். அமெரிக்கத் திரைப்படத் தொழிலில் நுழைய விரும்பும் எழுத்தாளர்களிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவர்களது கதையைத் தயாரிப்பாளர் தரப்பினர் முன்னிலையிற் சொல்ல வாய்ப்பளிக்கும் சேவைகளை நாம் ஆராய எடுத்துக்கொள்வது இதன் பொருட்டே. இச்சேவைகளாற் புதியவர்க்கு நன்மை உண்டா என்பது நடைமுறை வினா. அவ்வாறு கட்டணம் வாங்குவது அறமா என்பது வேறு வினா. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் வீணே வாதிடுகின்றனர். ஆயினும் ஒன்றை முற்றாக விடுத்து மற்றதற்கு விடை காண்பதும் இயலாது என்பது போகப்போகத் தெரியவரும்.

'கதை சொல்லுதல்' என்று தமிழ்ப் படவுலகினர் வழங்கும் செயல்தான் அங்கும் நிகழ்வது. அதனைச் சந்தைப்பொருளாக்கிய முறைதான் புதிது. ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் வரிசை வரிசையாக மேசைகள் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மேசையின் அப்பாலும் ஒரு படக்கம்பனியின் அல்லது முகவர் நிலையத்தின் பிரதிநிதி அமர்ந்திருப்பார். மணி அடித்ததும் எழுத்தாளர் எதிரே அமர்ந்து ஐந்து நிமிடத்திலே தம் கதையைச் சொல்லி முடிக்கவேண்டும். மறுமணி அடித்தால் எழுந்து, அடுத்த மேசையை நோக்கி நகரவேண்டும். இணையம் பெருகிய பின்னர் மண்டபமும் வேண்டாததாயிற்று. ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்புவதற்கு இவ்வளவு, திரையில் முகம் பார்த்துச் சில நிமிடம் பேசுவதற்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போடப்படுகின்றது. பத்து டொலரில் முடிவதும் உண்டு. ஐம்பது டொலருக்கு மேற்போவதும் உண்டு. கேட்பவருக்கு அப்பணத்தில் ஒரு பங்கு போவதும் வழமையே. எழுத்தாளருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 'எமக்குப் பொருந்தாது' என்ற ஒரு வரி; சில வேளைகளில் இரண்டு வரி.

இந்நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதை அறியாது கட்டணம் வாங்குவோரை மட்டும் ஏசுவதிற் பயனில்லை. ஹொலிவூட்டின் மதில்கள் ஒரே நாளில் எழுந்தவை அல்ல. 1949 நவம்பரில் விக்ரர் டெஸ்னி என்பவர் இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியிற் பேசினார். இயக்குநருடன் அல்ல, அவருடைய காரியதரிசியுடன். குகையொன்றில் அகப்பட்டு மாண்ட பிளொயிட் கொலின்ஸ் என்பவரது உண்மைச் சம்பவத்தைப் படமாக்கலாம் என்று கதையைச் சொன்னார். காரியதரிசி குறிப்பெடுத்துக் கொண்டார். 1951 இல் வைல்டரின் 'ஏஸ் இன் த ஹோல்' வெளிவந்தது. குகையில் அகப்பட்ட ஒரு மனிதனைச் சுற்றி எழுந்த கதை அது. டெஸ்னி வழக்காடினார். 1956 இல் கலிபோர்ணிய உயர்நீதிமன்றம், விலை கொடுக்கப்படும் என்ற எண்ணத்துடன் சொல்லப்படும் கதையைக் கேட்டுப் பயன்படுத்தினால், எழுதாத ஒப்பந்தம் ஒன்று அங்கே உருவாகக்கூடும் என்று தீர்த்தது. எழுத்தாளனுக்குச் சார்பான தீர்ப்புத்தான் இது. ஆனால் சட்டத்தின் விளைவு சட்டம் எழுதியவரின் எண்ணப்படி அமைவதில்லை. கேட்டால் வழக்கு வரலாம் என்றஞ்சிய கம்பனிகள் கேளாதிருப்பதே மேலெனத் துணிந்தன. முகவர் மூலம் வராத எழுத்துப் பிரதிகள் உறை பிரிக்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டன. முகவரோ, ஏற்கெனவே விற்றுக் காட்டியவரையே தேடினர். விற்பதற்கு முகவர் வேண்டும். முகவர் கிடைப்பதற்கு விற்றிருக்க வேண்டும். இந்தச் சக்கரத்தின் நடுவிலேதான் கட்டண வியாபாரி தன் கடையை விரித்தான்.

ஆகவே அவனது வாதத்தைச் செவிமடுப்பது நமது கடன். அது வலுவில்லாத வாதமன்று. 'இலவச வழி என்று நீங்கள் சொல்லும் வழி யாருக்கு இலவசம்?' என்று அவன் கேட்கின்றான். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே வாடகை கொடுத்துக் குடியிருந்து, சம்பளமில்லாமலோ சொற்பச் சம்பளத்துக்கோ ஒரு கம்பனியிற் கோப்பி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு, என்றாவது ஒருநாள் துரையின் கண்ணிற் படலாம் எனக் காத்திருப்பதற்குத் தகப்பன் வீட்டுப் பணம் வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களின் திரைப்படப் பள்ளிகளிற் கற்பதற்குப் பல்லாயிரம் டொலர் வேண்டும். மாமன் ஒருவன் அத்தொழிலில் இருந்தால் ஒன்றும் வேண்டாம். ஆனால் மாமனைத் தெரிந்தெடுத்துப் பிறக்க முடியாது. ஒஹாயோவிலோ கன்சாஸிலோ கடையில் வேலை செய்துகொண்டு இரவில் எழுதும் ஒரு பெண்ணுக்கு, ஐம்பது டொலர் கொடுத்து ஒருவர் செவியைப் பெறுவது இவற்றோடு ஒப்பிடுகையில் மலிவல்லவா? இவ்வாதத்தைக் கேட்டு முகஞ்சுளிப்போர் பெரும்பாலும் மாமன் உள்ளவர்களே என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். உறவாலும் வர்க்கத்தாலும் நிறத்தாலும் அடைபட்ட வாயில் பணத்தால் அடைபட்ட வாயிலைவிடத் தூயது என்று நாம் கருதவில்லை.

ஆனால் வாதத்தின் வலு ஒரு புறமிருக்க, அதன் அடியில் மறைந்து கிடக்கும் எண்கணக்கு மறு புறம் உண்டு. முகவர் ஒருவர் எழுத்தாளரின் வருமானத்தில் நூற்றுக்குப் பத்தைப் பெறுகின்றார். நூறாயிரம் டொலருக்கு ஒரு பிரதி விற்றால் அவருக்குப் பத்தாயிரம். விற்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே விற்கக்கூடியதைத் தெரிந்தெடுக்கவும், அதைத் திருத்துவிக்கவும், தக்க ஆளிடம் கொண்டுசெல்லவும் அவருக்குத் தூண்டுதல் உண்டு. இனி, நாற்பது டொலர் கட்டணத்துக்கு ஐந்து நிமிடம் விற்பவரை எடுத்துக்கொள்வோம். அதே பத்தாயிரத்தை ஈட்டுவதற்கு அவருக்கு இருநூற்றைம்பது தடவை கதை சொல்லப்பட்டாற் போதும். அந்த இருநூற்றைம்பதில் ஒன்றேனும் படமாக வேண்டிய அவசியம் அவருக்கில்லை. இன்னுஞ் சொன்னால், ஒருவன் உள்ளே போய்விட்டால் அவன் மறுபடி கட்டணங் கட்ட வரமாட்டான். வெளியே நிற்பவன்தான் திரும்பத் திரும்ப வருவான். இதனாற் சேவை நடத்துவோர் அனைவரும் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. நல்லவர் பலர் இருக்கக்கூடும்; இருக்கின்றனர். ஒரு தொழிலின் இலாபம் எதிலிருந்து ஊறுகின்றது என்பதே நமது கேள்வி. அது எழுத்தாளரின் வெற்றியிலிருந்து ஊறவில்லை, அவர்களது எண்ணிக்கையிலிருந்து ஊறுகின்றது.

இது வெறும் தர்க்கமன்று. அண்மைக்காலத்தில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் நடத்திய பெரும் போராட்டமொன்றின் சாரமே இதுதான். பெரிய முகவர் நிலையங்கள், தம் எழுத்தாளர்களின் ஊதியத்திற் பத்து வீதம் பெறுவதை விட்டு, தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஆட்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்ததற்காகத் தயாரிப்புக் கம்பனிகளிடமிருந்தே பணம் பெறத் தொடங்கியிருந்தன. எழுத்தாளனின் சம்பளம் ஏறினாலென்ன, இறங்கினாலென்ன, முகவருக்குக் கவலையில்லை என்றாயிற்று. 2019 ஏப்ரலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்தாளர்கள் தம் முகவர்களை ஒருசேர விலக்கினர். இரண்டாண்டு இழுபறிக்குப் பின், 2021 பெப்ரவரியில் கடைசிப் பெரிய நிலையமும் பணிந்தது. 2022 ஜூன் முடிவோடு அந்தக் கட்டண முறை ஒழிந்தது. எவன் எழுத்தாளனின் ஆதாயத்தோடு தன் ஆதாயத்தைப் பிணைத்துக் கொள்கின்றானோ அவனே அவனுக்காகப் பேச உரியவன் என்ற நெறியை அவர்கள் நிலைநாட்டினர். உள்ளே இருப்பவர்க்கு இந்நெறி வென்றெடுக்கப்பட்டது. வாயிலிலே நிற்பவர்க்கு அதே நெறி ஏன் பொருந்தாது?

இனி நடைமுறை வினாவுக்கு வருவோம். கட்டணங் கட்டியவன் உள்ளே போகின்றானா? இங்கே ஒரு விடயம் போதிய அளவு பேசப்படுவதில்லை. வாயாற் சொல்லப்படும் கதை ஹொலிவூட்டில் விலைபோகும் பண்டந்தான். ஆனால் யாருடைய வாயால் என்பதே கேள்வி. பத்துப் படங்கள் எழுதியவர் ஒரு கருத்தைச் சொன்னால், அதை எழுதி முடிக்க அவராலாகும் என்பதற்கு அந்தப் பத்துப் படங்களும் சாட்சி. பெயரறியாத ஒருவர் அதே கருத்தைச் சொன்னால் சாட்சி எங்கே? அவர் எழுதி முடித்த பிரதிதான் சாட்சி. எனவே புதியவரிடம் வாங்கத்தக்கது பிரதி மட்டுமே. கதைச்சுருக்கத்தையும் ஐந்து நிமிடப் பேச்சையும் அவரிடம் பெரும்பாலும் எவரும் வாங்குவதில்லை. இச்சேவைகள் புதியவனுக்கு விற்பதோ அந்தப் பேச்சுக்கான நேரத்தையே. சந்தையில் எடுபடாத பண்டத்தை எடுத்துச் செல்வதற்கு வண்டிக்கூலி வாங்குவது போன்றது இது. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம்.

பேர்ட்டோல்ட் பிரெக்டின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. நாஜிகளிடமிருந்து தப்பி 1941 இல் கலிபோர்ணியா சேர்ந்த அம்மாமேதை, படக்கதைகள் பலவற்றை எழுதியும் சொல்லியும் விற்க முயன்றார். அவருக்குத் தக்காரைத் தெரிந்திருந்தது. நண்பர்கள் உள்ளே இருந்தனர். கட்டணம் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவ்வாறிருந்தும் அவரது கதைகளுள் அக்காலத்திற் படமானது ஒன்றே. பிறிட்ஸ் லாங் இயக்கி 1943 இல் வெளிவந்த 'ஹாங்மென் ஓல்சோ டை' அது. அதன் திரைக்கதைப் பெயரும் சங்கத்தின் நடுவர் தீர்ப்பால் ஜோன் வெக்ஸ்லி ஒருவருக்கே போயிற்று. 1947 ஒக்டோபர் 30 ஆந் திகதி அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்துவிட்டு, மறுநாளே அவர் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டார். செவி கிடைப்பது வேறு, செவியிற் புகுந்தது விலைபோவது வேறு.

உள்ளே சென்றவர்கள் எவ்வழியாற் சென்றனர் என்று பார்த்தால், ஒரே வழியாக அல்ல என்பதே முதலிற் புலனாகும். 'ஜூனோ'வை எழுதிய டயப்ளோ கோடியை, அவர் இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளைப் படித்த ஒரு மேலாளர் தேடிக் கண்டார். 'தெல்மா அன்ட் லூயிஸ்' எழுதிய கலி கூரி இசைப் படங்கள் தயாரிக்கும் கம்பனியில் வேலை செய்துகொண்டே அதை எழுதினார். 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' எழுதிய மைக்கேல் ஆர்ண்ட் ஒரு நடிகரின் உதவியாளராக இருந்தவர். 'எரின் புரொக்கோவிச்' எழுதிய சூசனா கிராண்ட், ஒஸ்கார் விருதுகளை வழங்கும் அக்கடமி நடத்தும் நிக்கல் புலமைப்பரிசை 1992 இற் பெற்றவர். இவர்களெல்லாரும் முழுப் பிரதியைக் கையில் வைத்திருந்தனர் என்பது ஒற்றுமை. ஆனால் நான்கு பெயரைச் சொல்லி நாமும் ஒரு விதியை நிறுவிவிட முடியாது. உள்ளே செல்லாத ஆயிரவரும் முழுப் பிரதி வைத்திருந்தவரே. வென்றவரை மட்டும் எண்ணுவது எத்தரப்பார் செய்யினும் பிழையான கணக்கு.

அந்தப் பிழையான கணக்கையே விளம்பரமாக்குவதிலேதான் இவ்வியாபாரத்தின் சாமர்த்தியம் இருக்கின்றது. எத்தனை பேர் வென்றனர் என்று பெயர் சொல்லி அறிவிப்பார்கள்; எத்தனை பேர் கட்டினர் என்ற தொகையை அதன் கீழே இடுவதில்லை. தொகுதி மட்டும் தந்து பகுதியை மறைத்த பின்னம் பின்னமேயன்று என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் அறிவான். இதற்கு நேர்மையான ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2005 இல், அப்போது ஒரு படக்கம்பனியிற் கடமையாற்றிய பிராங்ளின் லெனார்ட், தமக்குத் தெரிந்த தயாரிப்புத் துறையினரிடம், தாம் படித்தவற்றுள் இன்னும் படமாகாத சிறந்த பிரதிகள் எவை என விசாரித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒருகாலத்தில் இடதுசாரி எழுத்தாளர்களை வேலையிழக்கச் செய்த 'பிளாக் லிஸ்ட்' என்ற பெயரே அதற்கு இடப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெற எழுத்தாளர் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. 'ஸ்லம்டோக் மில்லியனயர்', 'த கிங்ஸ் ஸ்பீச்', 'ஆர்கோ', 'ஸ்பொட்லைட்' ஆகிய ஒஸ்கார் பெற்ற படங்கள் ஆண்டுதோறும் வெளியான இப்பட்டியலில் இருந்தவை. 2012 இல் அதே பெயரில் ஓர் இணையத்தளம் தொடங்கிற்று. எவரும் மாதம் 25 டொலர் கட்டித் தம் பிரதியை அங்கே வைக்கலாம், 50 டொலர் கட்டி ஒரு வாசகரின் மதிப்பீட்டைப் பெறலாம் என்பது தொடக்கக்கால ஏற்பாடு. பின்னர் கட்டணம் ஏறியது. பட்டியல் வேறு, தளம் வேறு. பட்டியலில் இடம்பெற்ற பிரதிகள் ஏற்கெனவே முகவரும் தயாரிப்பாளரும் கைமாற்றிப் படித்தவை. ஆனால் பட்டியலின் ஒஸ்கார் ஒளி தளத்தின் மீதும் விழுகின்றது. கட்டணங் கட்டுவோரிற் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுகின்றனர். தளத்தின் வழியாக எவருமே வரவில்லை என்று சொல்வதும் அநியாயம். டேவிட் ஒயேலோவோ தனியொருவராகத் தோன்றி நடித்த 'நைட்டிங்கேல்' அத்தளத்திலே கண்டெடுக்கப்பட்ட பிரதியிலிருந்து 2014 இல் உருவான படம். அங்கே விற்கப்படுவது ஐந்து நிமிடப் பேச்சன்று. முழுப் பிரதியை ஒருவர் இருந்து படிப்பது. இந்த வேறுபாட்டை நாம் முக்கியமாகக் கருதுகின்றோம்.

ஏனெனில், படிப்பது உழைப்பு. நூற்றிருபது பக்கங்களைப் படித்து, எங்கே கதை தளர்கின்றது, எந்தப் பாத்திரம் உயிரற்றுக் கிடக்கின்றது என்று எழுதிக் கொடுப்பவருக்குக் கூலி உரியதே. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதை எவரும் குறை சொல்வதில்லை. நம்மவர் மத்தியில் எழுத்தாளன் கைப்பணத்தை அச்சகத்துக்குக் கொடுத்துத் தன் நூலைத் தானே வெளியிடுவது சாதாரணம். அதிலும் அவன் கொடுத்த காசுக்கு ஒரு நூல் கைக்கு வருகின்றது. செவியை விற்பவர் கொடுப்பது எதை? அச்செவி கம்பனிக்குச் சொந்தமானது. நல்ல கதையைத் தேடிக் கேட்பதற்காகவே கம்பனி அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றது. அந்தக் கேட்டலையே வெளியில் வைத்து எழுத்தாளனிடம் மறுபடி விற்பது, கச்சேரி வாயிலில் நிற்கும் பியோன் துரையைக் காண விடுவதற்குக் கை நீட்டுவதற்கு எவ்வகையில் வேறுபட்டது? பியோனாவது கதவைத் திறக்கின்றான்.

பியோன் என்று சொன்னபோது ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். மேசைக்கு அப்பால் அமர்ந்து கதை கேட்பவர்களிற் பலர் படத்துக்குச் சம்மதம் கொடுக்கும் அதிகாரமுடைய பெரியவர்கள் அல்லர். உதவியாளர்கள், இளநிலை அலுவலர்கள். அவர்களது நிலையும் இரங்கத்தக்கதே. 2019 இல் ஹொலிவூட் உதவியாளர்கள் தம் சொற்பச் சம்பளத்தை வெளிப்படுத்தி ஓர் இயக்கமே நடத்தினர். வாடகை கட்டமுடியாத ஓர் உதவியாளர், வாடகை கட்டமுடியாத ஓர் எழுத்தாளரின் பணத்தில் ஒரு பங்கைப் பெற்று மாலைப்பொழுதைக் கழிக்கின்றார். கோடிகளைக் குவிக்கும் கம்பனி தன் ஊழியனுக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தின் ஒரு துண்டை, இன்னும் ஊழியனாகாதவனின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றது என்றே இதனை விளங்கிக்கொள்ள வேண்டும். தாராளம்!

இம்முறையை மறைக்கும் திரை 'கல்வி' என்பதாகும். கலிபோர்ணியாவிலே, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கலைஞரிடம் முற்பணம் பெறுவதைத் தடுக்கும் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நடிகர் மட்டுமன்றி எழுத்தாளரும் அச்சட்டம் கூறும் 'கலைஞர்' என்ற சொல்லுள் அடங்குவர். உண்மையான பயிற்சியை அது தடுக்கவில்லை; தடுத்தால் அது மூடச் சட்டமாயிருக்கும். ஆனால் பயிற்சி என்ற பலகையைத் தொங்கவிட்டு உள்ளே வேறு வியாபாரம் நடத்த இடமுண்டாயிற்று. 2017 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சட்டத்தரணி, நடிகர் பயிற்சி வகுப்பு நடத்திய ஐந்து நிறுவனங்கள் தொடர்பாக 25 பேர்மீது வழக்குத் தொடுத்தார். வகுப்பு என்று சொல்லப்பட்டது உண்மையிற் பணங் கட்டி நடிப்புத் தேர்வுக்கு நிற்பதே என்பது குற்றச்சாட்டு. நடிகரைப் பற்றி எழுந்த இவ்வினாவை எழுத்தாளருக்கும் பொருத்திப் பார்ப்பது தவிர்க்க முடியாதது. 'ஆலோசனை' என்ற பெயரில் ஐந்து நிமிடம் விற்கப்படுகின்றது. அதை வாங்குபவர் ஆலோசனைக்காகவா வாங்குகின்றார்? மேசைக்கு அப்பால் இருப்பவரின் கம்பனிப் பெயரை நீக்கிவிட்டு, அதே ஆலோசனையை அதே விலைக்கு விற்றுப் பாருங்கள். எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்?

இங்கே சிலர் இடைமறித்து, எழுத்தாளன் வேலை தேடும் தொழிலாளியல்லன், சரக்கு விற்க வரும் வியாபாரி என்பர். சந்தையிற் கடை போடுபவன் இடத்துக்கு வாடகை கட்டுவதில்லையா? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் ஒரு படி கடந்ததும் தடுமாறுகின்றது. கம்பனியோடு ஒப்பந்தம் எழுதும் நாளில் எழுத்தாளன் வியாபாரியாக நடத்தப்படுகின்றானா? இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலே, கூலிக்கு எழுதப்பட்ட ஆக்கத்துக்குக் கூலி கொடுத்தவனே 'ஆசிரியன்'. தானே எழுதிக் கொண்டுபோன பிரதியின் உரிமையையும் விற்கும்போது கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிடுகின்றான், பின் அதையே கூலிக்குத் திருத்தி எழுதுகின்றான், வேறொருவரும் திருத்துவார். பணம் கொடுக்கும்போது அவன் வியாபாரி. பணம் பெறும்போது கூலியாள். இரண்டு பட்டங்களிலும் நட்டமுள்ள பாதியையே ஒவ்வொரு தடவையும் அவன் தலையிற் சூட்டுவது என்ன நீதி?

வேலைக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் பெறுவது பற்றிய அனுபவம் நமக்குப் புதிதன்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த கங்காணிமார் பெற்ற தலைக்காசும், தோட்டத்துக்கு வந்துசேரும் முன்னரே தொழிலாளியின் கழுத்தில் ஏறிய கடனும், அக்கடனை அவனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிய துண்டு முறையும் 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை என்ன செய்தன என்பதை நம் வாசகர் அறிவர். அத்துன்பத்தையும் ஹோட்டல் மண்டபத்துக் கனவையும் ஒரே தராசில் இடும் அற்பத்தனத்தை நாம் செய்யவில்லை. பட்டினி கிடந்து கப்பலேறியவனும், பகலில் வேலை செய்து இரவில் எழுதுபவளும் ஒரே நிலையினர் அல்லர். நெறி ஒன்றே என்பதுதான் நாம் சொல்வது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1933 இலேயே கட்டணம் பெறும் தொழில் முகவர் நிலையங்களை ஒழிக்கும் சமவாயத்தை இயற்றியது. 1949 இல் அதைத் திருத்தியது. 1997 ஆம் ஆண்டின் 181 ஆம் சமவாயத்திலே, சில விலக்குகளுடன், தனியார் முகவர் நிலையங்கள் தொழிலாளியிடம் நேராகவோ மறைவாகவோ கட்டணம் பெறலாகாது என விதித்தது. ஆள் வேண்டும் என்பவன்தான் ஆள் தேடும் செலவை ஏற்கவேண்டும் என்பதே இதன் கருத்து. கதை வேண்டும் என்பவன் கதை தேடும் செலவை ஏற்கவேண்டும் என்று இதனை எழுத்துலகுக்குப் பெயர்த்துக்கொள்வதில் நமக்குத் தடையேதும் தோன்றவில்லை.

பணம் மட்டுமே இழப்பென்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்கப் பழகியவன், ஐந்து நிமிடத்திற் சொல்லி முடிக்கத்தக்க கதைகளையே எண்ணப் பழகிவிடுகின்றான். ஒரு வரியிற் சுருக்க முடியாத மனிதவாழ்வு அவனுக்குப் பிரயோசனமற்றதாகத் தோன்றுகின்றது. 1992 இல் ரொபட் ஓல்ற்மன் இயக்கிய 'த பிளேயர்' என்ற படத்தின் நீண்ட தொடக்கக் காட்சியில், ஒருவர் பின் ஒருவராக எழுத்தாளர்கள் ஓர் அதிகாரியிடம் கதை சொல்லுவார்கள். அத்தனையும் ஏற்கெனவே வந்த படங்களின் கலவைகள். அந்தக் கேலி உள்ளே இருந்தவர்களைப் பற்றியது. இன்று அதே கலவையைத் தயாரிக்க வெளியே நிற்பவர் பணங் கட்டிப் பயில்கின்றனர்.

ஆகவே கட்டணங் கட்டியவரை மூடரென நாம் ஏசமாட்டோம். அடைபட்ட கதவின் முன்னே நின்று, சாவி என்று எவன் எதைக் காட்டினாலும் வாங்கிப் பார்ப்பது மனித இயல்பு. வாங்கவே கூடாதென்றும் சொல்லமாட்டோம். முழுப் பிரதியை முடித்து, பிறர் படித்துத் திருத்தி, இழந்தால் அடுப்பெரிவதிற் குறை நேராத பணமாகவும் இருந்தால், ஒருமுறை பேசிப் பார்ப்பதால் ஒருவர் கெட்டுவிடப் போவதில்லை. அந்நியர் ஒருவர் முன்னிலையிற் கதையைச் சொல்லும்போது எங்கே அவர் கண் மேசைக்குத் தாழ்கின்றது என்று கண்டுகொள்வதும் ஒரு பயன். ஆனால் அதைத் 'தொழிலில் நுழையும் வழி' என்று விற்பதை ஏற்க முடியாது. அவ்வழியே நுழைந்தோர் உண்டு என்பது, அது வழி என்பதற்குச் சான்றாகாது. லொத்தர்ச் சீட்டில் வென்றவனும் உண்டு.

இங்கு உண்மையான குறை வேறோரிடத்தில் உள்ளது. 1933 மார்ச்சில், வங்கிகள் மூடிய நெருக்கடியைக் காட்டிப் படக்கம்பனிகள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தபோது, அதன் எதிர்விளைவாகவே திரைப்பட எழுத்தாளர் சங்கம் புத்துயிர் பெற்றது. ஜோன் ஹொவர்ட் லோசன் அதன் தலைவரானார். பின்னாளிற் சிறை சென்ற ஹொலிவூட் பத்துப்பேரில் அவரும் ஒருவர். கம்பனிகளோடு முதல் ஒப்பந்தம் கைகூட 1942 வரை சென்றது. படத்தில் யார் பெயர் வரவேண்டும் என்பதைக் கூடக் கம்பனியே தீர்மானித்த காலம் அதனோடு முடிந்தது. 2023 இல் 148 நாள் வேலை நிறுத்தஞ் செய்து நிற்க முடிந்ததும் அந்த வரலாற்றின் பலத்தாலேயே. ஆனால் சங்கம் உறுப்பினருடையது. உறுப்பினராவதற்கு முன் நிற்கும் பெருந்திரளுக்குச் சங்கமில்லை, சம்பள விகிதமில்லை, முறையிட ஓரிடமில்லை. அவர்களுக்காகத் திறந்திருந்த பொது வாயில்களும் மெல்ல மெல்ல இடம் மாறுகின்றன. 1985 இலிருந்து புதியவர்களுக்காக நடந்துவரும் நிக்கல் புலமைப்பரிசுக்கு முன்னர் அக்கடமிக்கே நேரில் விண்ணப்பிக்கலாம். அதற்கும் நுழைவுக் கட்டணம் இருந்தது என்பது வேறு. 2025 முதல் அந்நேர்வழி இல்லை. பல்கலைக்கழகங்களும் பயிற்சி நிலையங்களும் தெரிந்தனுப்புவோர் ஒருபுறம். மற்றெல்லோருக்கும் பிளாக் லிஸ்ட் இணையத்தளமே வாயில்.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம். 2019 இல் முகவர்களை விலக்கிய அந்த ஏழாயிரவரும், தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுத்தாளர் சேர்க்கப்படும் பருவத்தில், பரிந்துரைக்க ஆளின்றி நின்றனர். அப்போது நிலைபெற்ற எழுத்தாளர்கள் சமூக ஊடகத்தில் அழைப்பு விடுத்து, அறிமுகமில்லாதவர்களின் பிரதிகளையும் வாங்கிப் படித்து, பிடித்தவற்றைத் தமக்குத் தெரிந்த தொடர்களின் பொறுப்பாளருக்கு அனுப்பினார்கள். சங்கத்திற் சேராதவர்களின் கேள்விகளுக்கும் சிலர் இவ்வாறே நேரமொதுக்கினர். எத்தனை பேருக்கு அதனால் வேலை கிடைத்தது என்பதல்ல நாம் இங்கு காட்ட விரும்புவது. அவர்கள் மணி அடித்து எழுப்பவில்லை. படித்ததற்கு எவரிடமும் கட்டணம் கேட்கவுமில்லை.